சாயங்காலம் நாலு மணிக்குப் படகை எங்கே நிறுத்துவீர்கள்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர். நானும் மனைவியும், என் தங்கையும் அவள் கணவரும், அவர்களுடைய 11 வயதுப் பெண், 8 வயதுப் பையன். வரும் ஆகஸ்ட் முதல் வாரம் கிரேக்கத் தீவுகளில் வாடகைக்கு யாட் (தங்கும் வசதியுள்ள பாய்ப்படகு) எடுத்து நாங்களே ஓட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். நான் போன வருடம் ஐந்து நாள் பாய்ப்படகுப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினேன், மற்றவர்களுக்குப் படகு புதிது. ஏதென்ஸில் ஏறி மிக்கோனோஸ், பாரோஸ், நக்சோஸ், சாண்டோரினி, மிலோஸ் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் ஏதென்ஸ் திரும்பத் திட்டம். ஒற்றை உடல் கொண்ட மோனோஹல் எடுக்கலாமா, இரட்டை உடல் கேட்டமரனா? கூலிக்கு வந்து படகைப் பொறுப்பேற்று ஓட்டும் ஸ்கிப்பர் அவசியமா, வீண் செலவா? மனைவிக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும், அதற்கு என்ன வழி? நாள்வாரியான பட்டியலை இணைத்திருக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

பட்டியலைப் பார்த்தேன், நிறைய உழைத்திருக்கிறீர்கள். எந்தத் தீவில் எந்தக் கடற்கரை, எந்த மேட்டில் நின்றால் சூரியன் மறைவது தெரியும், குழந்தைகளுக்கு எங்கே ஐஸ்கிரீம் என்பது வரை எழுதிவிட்டீர்கள். ஒரு கட்டம் மட்டும் அதில் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் படகை எங்கே நிறுத்துவீர்கள்? அங்கே இடம் இல்லையென்றால் அடுத்து எங்கே? வாடகை யாட்டுகளில் ஸ்கிப்பராக இருந்துவிட்டு, இப்போது உங்களைப் போல முதல் முறை போகிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விடுமுறை கெட்டுப்போய்த் திரும்பியவர்கள் யாரும் என்னிடம் நடுக்கடலைப் பற்றிப் புலம்பியதில்லை. எல்லாக் கதையும் துறைமுகத்துக்குள் நுழைகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பாய்ப்படகை ஓட்டுவது ஒரு மாதிரி வந்துவிடும், நிறுத்துவதுதான் வித்தை. அதனால் உங்கள் திட்டத்தை நாலு மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். 45 அடிப் பாய்ப்படகு நல்ல காற்றில் 6, 7 நாட் போகும், ஆனால் திட்டம் போடும்போது 5 நாட் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காற்று செத்துப்போகும், குழந்தைகள் குளிக்கக் கேட்பார்கள், யாருக்காவது தொப்பி பறக்கும். ஏதென்ஸிலிருந்து மிக்கோனோஸ் நேர்கோட்டிலேயே 80 கடல் மைலுக்கு மேல். மிக்கோனோஸிலிருந்து சாண்டோரினி 60க்கு மேல். சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸ் 120 சொச்சம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டுக்கே 260 தாண்டிவிட்டது, தீவு முனைகளைச் சுற்றிப் போவதும் மிலோஸுக்கு ஒதுங்குவதும் இதில் சேரவில்லை. 5 நாட் வேகத்தில் இது 50 மணி நேரத்துக்கு மேல்.

அப்புறம், உங்களுக்குக் கிடைப்பது ஏழு நாளும் இல்லை. அங்கே வாடகை பெரும்பாலும் சனிக்குச் சனி. முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும், அன்று இரவு மெரினாவிலேயே, அதாவது படகுகள் கட்டும் துறையிலேயே. அடுத்த வெள்ளி மாலை திரும்பி வந்து டீசல் நிரப்பிக் கட்டியிருக்க வேண்டும், சனி காலை ஒன்பது மணிக்குள் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட வேண்டும். ஆக, கையில் ஆறு பகல். உங்கள் திட்டப்படி ஒவ்வொரு பகலும் எட்டு ஒன்பது மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற கடற்கரையில் எப்போது இறங்குவீர்கள்?

இது காற்று உங்கள் பக்கம் இருந்தால். ஆகஸ்டில் ஏஜியன் கடலில் அது உங்கள் பக்கம் இருக்காது. மெல்டெமி என்று ஒரு காற்று, வடக்கிலிருந்து வருவது, ஜூலை ஆகஸ்டில்தான் அதற்கு உச்சம். பால்கன் பக்கத்து உயர் அழுத்தத்துக்கும் துருக்கிப் பக்கத்துத் தாழ்வழுத்தத்துக்கும் நடுவில் பிறக்கிற காற்று என்பதால் மேகமும் மழையும் வந்து எச்சரிக்காது, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6, சில நாள் 7 வரை வீசும். நாட் கணக்கில் சொன்னால் 22இலிருந்து 33 வரை. ஆரம்பித்தால் நாலைந்து நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. தெற்கே போகும்போது முதுகில் காற்று, ஜாலியாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது அது முகத்தில். பாய்ப்படகால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது, ஏறக்குறைய 45 டிகிரி விலகி இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும், 40 மைல் தூரம் 56 மைலாகிவிடும், அதுவும் இரண்டு மீட்டர் அலையில் முட்டி முட்டி. என்ஜின் போட்டாலும் அந்த முட்டல் போகாது. பஸ்ஸுக்கே குமட்டுகிற உங்கள் மனைவி அந்த இரண்டு நாளை மன்னிக்க மாட்டார்.

சாண்டோரினிக்குப் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போங்கள், ஃபெர்ரியில். படத்தில் நீங்கள் பார்க்கிற அந்தக் குன்றுகளுக்குக் கீழே இருப்பது வெடித்து உள்வாங்கிய எரிமலை வாய், கரையை ஒட்டியே ஆழம் கிடுகிடுவென்று நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும், வாடகைப் படகின் நங்கூரச் சங்கிலிக்கு அங்கே தரை தட்டாது. முதல் முறை யாட் எடுப்பவருக்கான இடம் இல்லை.

அப்படியானால் எங்கே? விமானம் ஏதென்ஸுக்குத்தான் என்றால் ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவிலேயே இருங்கள். மெரினாவிலிருந்து ஏஜினா 16 கடல் மைல் வாக்கில், அங்கிருந்து போரோஸ் ஏறக்குறைய அதே தூரம், போரோஸிலிருந்து ஹைட்ரா அதைவிடக் கிட்டே. மெல்டெமி இங்கேயும் எட்டிப்பார்க்கும், ஆனால் நடு ஏஜியன் மாதிரி வாட்டாது. இன்னும் விமானம் எடுக்கவில்லை என்றால் என் ஓட்டு மேற்குப் பக்கத்து அயோனியன் கடலுக்கு. லெஃப்காடா தீவில் ஏறினால் மெகனீசி, கலாமோஸ், கஸ்டோஸ், இத்தாக்கா, கெஃபலோனியா எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். கரைக்கும் தீவுகளுக்கும் நடுவில் அது ஏறக்குறைய ஏரி மாதிரி. அங்கே கோடைக் காற்றுக்கு ஆபீஸ் நேரம் மாதிரி ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் தண்ணீர் கண்ணாடி, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து 10, 15 நாட், சில நாள் 20, இருட்டும்போது அடங்கிவிடும். காலையில் குழந்தைகளோடு நீச்சல், சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓட்டம். உங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடலை நான் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் என்பது பள்ளி விடுமுறைக் கணக்கு என்று புரிகிறது. ஜூனுக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், வாடகையும் குறையும், துறைமுகங்களிலும் மூச்சு விட இடம் இருக்கும். முடியாவிட்டால் நாலு மணியை இரண்டு மணியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ மாதிரி அழகான சின்னத் துறைமுகத்தில் நாலு மணிக்கு நுழைந்தால் மற்றவர்கள் படகைக் கட்டிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து உங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த வேடிக்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கிரேக்கத் துறைமுகங்களில் காரை நிறுத்துவது போலப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்துகிற அளவுக்கு இடம் கிடையாது. படகின் பின்பக்கம் கரையைப் பார்த்தபடி, இரண்டு படகுகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில், பின்னாலேயே வந்து சொருக வேண்டும். கரையிலிருந்து மூன்று நாலு படகு நீளத்துக்கு அப்பால் முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தை இறக்குகிறீர்கள். ரிவர்ஸில் மெதுவாக வருகிறீர்கள். முன்னால் இருப்பவர் சங்கிலியை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவர் நிறுத்தினால் படகும் நிற்கும், அந்த நேரம் பார்த்துப் பக்கக் காற்று முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் படகின் சங்கிலி மேல் போடும். பின்னால் இரண்டு பேர் கையில் கயிறு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கயிறு முதலில் கரைக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவர் கையில் ஃபெண்டரோடு (இடியைத் தாங்கும் மெத்தை உருளை), எங்கே இடிக்கப்போகிறதோ அங்கே சொருகத் தயாராக. இரண்டு கயிறும் மாட்டியதும் முன்னால் சங்கிலியை இழுத்து முறுக்கேற்றிப் பார்க்க வேண்டும். அது இறுகாமல் வந்துகொண்டே இருந்தால் நங்கூரம் பிடிக்கவில்லை என்று அர்த்தம், முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் பேச்சு. முன்பக்கத்துக்கும் சுக்கானுக்கும் 40 அடி தூரம், நடுவில் என்ஜின் சத்தம். என் முதல் வருடத்தில் என் மனைவியை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். அவள் "நிறுத்து" என்று கையைத் தூக்கினாள், நான் "தூக்கவா" என்று புரிந்துகொண்டு முன்னால் போனேன், நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்று இரவு சாப்பாடு அமைதியாக முடிந்தது. அதற்கு அப்புறம் எங்களுக்குள் மூன்றே சைகை: உள்ளங்கை கீழே என்றால் சங்கிலியை விடு, கட்டை விரல் மேலே என்றால் இழு, மூடிய கை என்றால் நிறுத்து. நீங்களும் ஞாயிறு காலையில் காலியான இடத்தில் இதை நாலு முறை ஒத்திகை பாருங்கள். இன்னொன்றைக் குழந்தைகள் உட்பட எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: படகு இடிக்கப்போகிறது என்று தெரிந்தால் கையையோ காலையோ நடுவில் வைக்கக் கூடாது. அது பத்து டன். கீறல் விழுந்தால் பணத்தோடு போகும்.

ஹைட்ரா பக்கம் போனால் சங்கிலி மேல் சங்கிலி விழுவது தினசரிச் சமாச்சாரம், காலையில் உங்கள் நங்கூரத்தைத் தூக்கும்போது இன்னொருவருடையதும் சேர்ந்து வரும். பதற வேண்டாம். ஒரு கயிற்றை அவர் சங்கிலிக்கு அடியில் கொடுத்து, முனையைப் படகில் கட்டி அதைத் தாங்கவிட்டு, உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் விடுபட்டுவிடும். விடுபட்டதும் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டால் அவர் சங்கிலி தண்ணீருக்குள் போய்விடும்.

துறைமுகமே வேண்டாம், ஏதாவது குடாவில் நங்கூரம் போட்டுத் தங்கலாம் என்றால் அது இன்னும் இனிமையான இரவு, ஆனால் சங்கிலியில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர் ஆழம் 5 மீட்டர், தண்ணீரிலிருந்து படகின் மூக்கு வரை இன்னொரு மீட்டர், கூட்டினால் ஆறு, அதை ஐந்தால் பெருக்கினால் 30 மீட்டர், அவ்வளவு சங்கிலி கீழே கிடக்க வேண்டும். கரும்பச்சையாகத் தெரிகிற இடம் கடற்புல், நங்கூரம் அதில் வழுக்கும். வெளிர் நிறமாகத் தெரிகிற மணல் திட்டைப் பார்த்துப் போடுங்கள். போட்டதும் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்துப் போய், நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், அந்த ஊர்த் தண்ணீரில் அடி வரை தெரியும். இந்த வேலையை உங்கள் தங்கை மகளிடம் கொடுத்தால் (மேலே ஒரு பெரியவர் கண்காணிப்பில்) ஒவ்வொரு நாளும் அதற்காகவே காத்திருப்பாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்கிப்பர் அவசியமா என்ற கேள்விக்கு வாருங்கள். சட்டத்தை முதலில் பார்ப்போம். கிரேக்கத்தில் நீங்களே ஓட்டுவதற்குப் படகு கொடுக்க வேண்டுமென்றால் சான்றிதழ் உள்ள ஒருவரும், படகு அனுபவம் உள்ள இன்னொருவரும் இருக்க வேண்டும். இரண்டாமவருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் அனுபவம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். உங்கள் ஆறு பேரில் அப்படிப் பொய் சொல்லாமல் கையெழுத்துப் போடக்கூடியவர் யாரும் இல்லை. உங்கள் சான்றிதழையும் பாருங்கள். ஐந்து நாள் பயிற்சிகளில் பல, துணை ஆளாக இருப்பதற்கான சான்றிதழ்தான் தரும், படகுக்குப் பொறுப்பேற்பதற்கானது அதற்கு அடுத்த படி. ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் இருந்தால் பிரச்சினை இல்லை, வேறு எதுவாக இருந்தாலும் பிரதி எடுத்து அனுப்பி, "இது செல்லும்" என்று படகு கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். போனில் சொன்னார்கள் என்பது துறைமுகத்தில் எடுபடாது.

ஆகவே, ஸ்கிப்பர் வைத்துக்கொள்ளுங்கள். வீண் செலவு இல்லை, ஐந்து நாள் பயிற்சியின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்யும்போதே "எனக்குச் சொல்லிக் கொடுக்கிறவராக வேண்டும், சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவராக வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள், ஏனென்றால் சில ஸ்கிப்பர்கள் சுக்கானை விடவே மாட்டார்கள், நீங்கள் பயணி மாதிரி உட்கார்ந்து வர வேண்டியதுதான். அவருக்குத் தினக்கூலி போகச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு, தூங்க ஒரு கேபினும் வேண்டும். முதல் முறை போகிறவர்கள் மறப்பது இந்தக் கேபினைத்தான். உங்கள் இரண்டு தம்பதிக்கு இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று, ஸ்கிப்பருக்கு ஒன்று, ஆக நாலு கேபின் உள்ள படகு. மூன்று கேபின் படகை எடுத்துவிட்டு அந்த மனிதரை ஹாலில் தூங்கச் சொன்னால் வாரம் முழுக்க அவர் முகத்தில் அது தெரியும்.

ஸ்கிப்பர் கூடவே இருப்பது சங்கடம், குடும்பமாக இருக்க வேண்டும் என்றால் ஃப்ளோட்டிலா என்று ஒரு வகை இருக்கிறது. பத்துப் படகு வாக்கில் ஒரே வழியில் போகும், முன்னால் ஒரு தலைமைப் படகு, அதில் ஸ்கிப்பரும் மெக்கானிக்கும் இருப்பார்கள். சாயங்காலம் அவர்கள் முன்னாடியே போய் இடம் பிடித்து, கரையில் நின்று உங்கள் கயிற்றை வாங்குவார்கள். அதாவது நாலு மணிப் பிரச்சினையை அவர்கள் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள். அயோனியனில் இது நிறைய நடக்கிறது. ஆனால் அதற்கும் சான்றிதழ் விஷயம் அப்படியேதான், அதனால் இந்த வருடம் ஸ்கிப்பர், அடுத்த முறை ஃப்ளோட்டிலா என்று வைத்துக்கொள்ளலாம்.

மோனோஹல்லா, கேட்டமரனா? கேட்டமரன் என்ற பெயரே நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் பெயரைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கட்டுமரம் ஒட்டிக் கட்டிய மரங்கள், இது இரண்டு தனி உடலுக்கு நடுவில் பாலம் போட்ட வீடு. சாயாது, மேஜையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும், குழந்தைகள் ஓடலாம். வாடகை கணிசமாக அதிகம், அகலம் மோனோஹல் மாதிரி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் துறைமுகத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், சில இடத்தில் கட்டணமும் கூடும், எதிர்காற்றில் கொஞ்சம் மந்தம். மோனோஹல் காற்றில் சாயும், சமையலறையில் நிற்பவர் ஒரு காலில் நிற்பது போல் இருக்கும், ஆனால் பாய்ப்படகில் போகிறோம் என்கிற உணர்வு அதில்தான். நீங்கள் பயிற்சி எடுத்ததும் மோனோஹல்லாகத்தான் இருக்கும். ஸ்கிப்பர் இருக்கிறார், கடல் அயோனியன் என்றால் 45 அடி மோனோஹல் போதும் என்பது என் எண்ணம். குமட்டலுக்குப் பயந்து கேட்டமரன் எடுக்க வேண்டாம், அது சாயாதே தவிர அலையில் வெடுக் வெடுக்கென்று ஆடும், சிலருக்கு அந்த ஆட்டம்தான் ஒத்துக்கொள்ளாது.

குமட்டலுக்கு வருவோம். மருந்து மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், ஆனால் நேரம் முக்கியம். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்ட மாத்திரை வயிற்றில் தங்காது. முதல் நாள் இரவோ, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்போ போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையா என்பதை வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். படகு ஓடும்போது அவர் கீழே போகவே கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, வெறும் வயிறும் கூடாது, தொண்டை வரை சாப்பாடும் கூடாது. கண் தொடுவானத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் விடச் சிறந்த வைத்தியம் சுக்கானை அவர் கையில் கொடுப்பது. பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்குக் கார் ஓட்டும்போது குமட்டுவதில்லை, கவனித்திருப்பீர்கள். அப்படியும் தாளாமல் போனால் படகின் காற்றடிக்கும் பக்கம் இல்லாமல் மறுபக்கமாகக் குனியச் சொல்லுங்கள், பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சனிக்கிழமை மாலை கம்பெனி உங்களிடம் படகை ஒப்படைக்கும்போது எல்லோருக்கும் களைப்பு, கம்பெனி ஆளுக்கு அவசரம். அப்போதுதான் நீங்கள் மெதுவாக இருக்க வேண்டும். பாய்களை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், கிழிசல் இருந்தால் அன்றைக்கே தெரியட்டும். நங்கூர மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அது பாரம் தாங்காமல் நின்றுபோனால் திரும்பத் தட்டிவிட வேண்டிய சுவிட்ச் எங்கே என்று கேட்டுத் தொட்டுப் பாருங்கள், பாதிப் படகுகளில் அது ஏதோ ஒரு மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கும். டிங்கியின் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) மோட்டாரைக் கிளப்பிப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைகளுக்கு மாட்டிப் பார்த்து அளவு சரியில்லை என்றால் அங்கேயே மாற்றுங்கள். வெளிப்பக்கம் முழுவதையும் ஒவ்வொரு கீறலும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், முடிந்தால் மறுநாள் தெளிவான தண்ணீரில் அடிப்பக்கத்தையும் சுக்கானையும். உங்கள் கார்டில் ஒரு பெரிய தொகையை ஈட்டாகப் பிடித்து வைத்திருப்பார்கள், அதைக் குறைக்கத் தனியாகக் காப்பீடு கிடைக்கும், வாங்குங்கள், ஆனால் டிங்கியும் அதன் மோட்டாரும் அதில் அடக்கமா என்று படித்துவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, டிங்கி மோட்டார், டீசல், துறைமுகக் கட்டணம் என்று வால் நீளும். எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று முன்பே ஒரே தாளில் கேளுங்கள்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: கழிவறை. வயிற்றுக்குள் போய் வந்ததைத் தவிர வேறு எதுவும் அதற்குள் போகக் கூடாது, காகிதம்கூடக் குப்பைக் கூடைக்குத்தான். பெரும்பாலும் கைப் பம்பு. நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளிக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து இருபது தடவை அடிக்க வேண்டும், அப்புறம் மறுபக்கம் தள்ளிக் காலியாகும் வரை அடிக்க வேண்டும். பையன் எட்டு வயது என்கிறீர்கள், எண்ணிக்கொண்டு அடிப்பதில் அவனுக்குக் குஷியாகவே இருக்கும், சோம்பல் பெரியவர்களுக்குத்தான் வரும். அடைத்துக்கொண்டால் கழற்றுகிற வேலை மாப்பிள்ளைக்கா உங்களுக்கா என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியும் அளவானது, 400, 500 லிட்டர் என்பது ஏழு பேருக்கு வீட்டுப் பழக்கத்தில் ஒன்றரை நாள்கூட வராது. கடலில் குளித்து, கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரு அலசல், அவ்வளவுதான்.

மூட்டைக்குச் சக்கரப் பெட்டி வேண்டாம், காலியான பிறகு அதைப் படகில் வைக்க இடம் கிடையாது. மடிக்கிற துணிப் பை. வெள்ளை அடிப்பாகம் உள்ள, வழுக்காத செருப்போ ஷூவோ, ஏனென்றால் வெறுங்காலில் முதல் நாளே யாராவது ஒருவர் ஏதாவது இரும்பில் சுண்டுவிரலை இடித்துக்கொள்வார். படகு ஓடும்போது குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட், விவாதம் கிடையாது. பாயின் கீழ்க்கட்டை பக்கம் மாறும்போது தலையை எடுத்துவிடும், அது போகும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. டிங்கியில் போகும்போது மோட்டாரை அணைக்கிற சிவப்புக் கயிறு ஓட்டுபவர் காலிலோ கையிலோ சுற்றியிருக்க வேண்டும். படகின் வி.ஹெச்.எஃப். ரேடியோவில் ஆபத்தில் உதவி கேட்பது 16ஆம் சேனலில், ஸ்கிப்பரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது அதில் பேசத் தெரிய வேண்டும், விழுந்தவர் ஸ்கிப்பராகவே இருந்தால் என்ன செய்வீர்கள்?

இனி உங்கள் ஆறு பகல். ஞாயிறு அன்று பத்து மைலுக்கு மேல் வேண்டாம், மெகனீசியின் வடக்குக் கரையில் விரல் விரலாக உள்ளே போகிற குடாக்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில் நங்கூரம், நீச்சல், ஒத்திகை. அடுத்து கலாமோஸ் பக்கமோ கஸ்டோஸ் பக்கமோ. பிறகு இத்தாக்காவில் கியோனி, பார்த்தால் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசிஸ் ஏன் அந்த ஊருக்குத் திரும்ப அவ்வளவு பாடுபட்டான் என்று புரியும். நடுவில் ஒரு நாள் படகை அவிழ்க்கவே வேண்டாம், எங்கே பிடித்துப்போனதோ அங்கேயே இருங்கள், அதுதான் காற்று பலமாக இருந்தால் உங்களுக்குக் கையிருப்பு நாளும். அப்புறம் வியாழன் பகலில் ஃபிஸ்கார்டோ, மதியம் ஒரு மணிக்குள் நுழைந்து, பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வியாழன் இரவு, வாடகைத் தளத்துக்கு 15 மைலுக்குள் தூங்குங்கள், லெஃப்காடாவின் தெற்கே சிவோட்டா பக்கம் வந்துவிட்டால் நல்லது, ஏனென்றால் வெள்ளி மாலை எல்லாப் படகும் ஒரே நேரத்தில் திரும்பும், டீசலுக்கு வரிசை நிற்கும்.

இதில் எதுவும் கல்வெட்டு இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்கிப்பரோடு உட்கார்ந்து காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள், தீவின் எந்தப் பக்கம் இன்று மறைவு என்பதை வைத்து. பட்டியலைத் திருப்பி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். ஐஸ்கிரீம் கடை இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் புதிதாகப் போடுங்கள்: நாலு மணிக்கு எங்கே, அங்கே இடமில்லையென்றால் இருட்டுவதற்குள் எட்டக்கூடிய இன்னொரு இடம் எது.